குட்டையான பிவட் பிளேயர்களே, கைல் ஹைன்ஸைப் பாருங்கள்

தஞ்சாவூர் அன்னை சத்யா ஸ்டேடியத்திலும் கும்பகோணம், மாயவரம் பள்ளி மைதானங்களிலும் பேஸ்கட்பால் ஆடுகிற பிள்ளைகள் செல்போனில் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்க லீக்கான என்பிஏதான். நான் பார்க்கச் சொல்வது ஐரோப்பாவில் ஆடிய அமெரிக்கர் கைல் ஹைன்ஸ் ஆட்டத்தை.

உயரம் 1.98 மீட்டர்தான். அந்த உயரத்தில் பிவட், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் நிற்கிற சென்டர் இடத்தில், ஆட அமெரிக்காவில் இடம் கிடைப்பது கஷ்டம். என்பிஏ சீசனில் அவர் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. 2008-ல் இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் வெரோலி அணியில் சேர்ந்தார். பிறகு ஜெர்மனியில் பாம்பெர்க். ஒலிம்பியாகோஸுக்கு ஆடி 2012, 2013-லும், சிஎஸ்கேஏ மாஸ்கோவுக்கு ஆடி 2016, 2019-லும் ஐரோப்பிய கிளப்களின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கை ஜெயித்தார். கடைசியாக மிலான். லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்று முறை. பந்து கையில் இல்லாதபோது அவர் கால்களைக் கவனியுங்கள். எதிரணி ஸ்கிரீன் வைத்ததும் (தடுப்பவரை மறிக்க ஓர் ஆளை நிறுத்தியதும்), பந்தோடு வருகிற எதிரணி கார்டுக்கு முன்னால் ஹைன்ஸ் வந்து நிற்பார். முழங்கால் மடங்கியே இருக்கும். உயரக் குறைவை அங்கேதான் ஈடுகட்டினார்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர் முதல் மாதம் திணறுவது, ஐரோப்பாவிலும் இங்கேயும் பின்பற்றுகிற சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளில். டிரிபிள் தொடங்கும்போது பிவட் கால் (தரையில் ஊன்றி நிற்கிற கால்) தரையை விட்டு எழுவதற்குள் பந்து கையை விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே விசில், டிராவலிங். ரிங்குக்குக் கீழே உள்ள பெயின்ட் பகுதியில் சும்மா நிற்பதைக் கட்டுப்படுத்துகிற மூன்று செகண்ட் விதி, என்பிஏவில் போல டிஃபென்சுக்குக் கிடையாது. உயரமானவர் பெயின்ட்டிலேயே நிற்கலாம். அதனால் என்பிஏவில் கிடைக்கிற டிரைவ் பாதை இங்கே அடைபட்டிருக்கும். ஷாட் ரிங்கில் பட்டுவிட்டால் பந்தைத் தட்டிவிடலாம், என்பிஏவில் அது தப்பு. மூன்று பாயின்ட் கோடு என்பிஏவின் 7.24 மீட்டர் அல்ல, 6.75. ஆட்டம் 40 நிமிஷம், ஐந்து ஃபவுலோடு வெளியே. டைம் அவுட்டை பிளேயர் கேட்க முடியாது, கோச்தான் கேட்க வேண்டும்.

இந்த விதிகளிலேயே வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. அதை வீணாக்குவது, போனில் பார்த்த என்பிஏ முதல் ஸ்டெப்பை, பந்து கையை விடும் முன்னே கால் எடுக்கிற அந்த அடியை, சிமென்ட் கோர்ட்டில் அப்படியே செய்வதுதான். டிஸ்ட்ரிக்ட் மேட்ச்களில் பந்து பறிபோவதே பாதி அதனால்தான் என்பேன்.

வெளிநாட்டு கிளப்பில் ஆட நினைப்பவருக்கு ஒப்பந்த விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் சம்பளத்தை வரி போகக் கைக்கு வரும் தொகையாகப் பேசுவதே வழக்கம். வீடும் பெரும்பாலும் கிளப் பொறுப்பு. மெடிக்கல் டெஸ்ட்டில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதியிருப்பார்கள். வேறு நாட்டுக்குப் போய் ஆட, கடைசியாக ஆடிய நாட்டுக் கூட்டமைப்பின் கிளியரன்ஸ் கடிதம் வேண்டும். கிளப் சம்பளம் பாக்கி வைத்தால் ஜெனீவாவில் இருக்கிற பேஸ்கட்பால் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2007-லிருந்து இயங்குகிறது. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய பிளேயர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போட முடியும் என்பதால் பணம் வர வழியுண்டு. ஆனால் தகராறு அந்தத் தீர்ப்பாயத்துக்கே போகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போட்டவர், பாக்கிக்கு அந்தந்த நாட்டு நீதிமன்றப் படிதான் ஏற வேண்டியிருக்கும்.