தெருவுக்கு ஓடை கேட்கும் முன், அது எந்த நிதி என்று கேளுங்கள்

நாகர்கோவில் மாநகராட்சி, நகராட்சிகள், ஐம்பதை ஒட்டிய பேரூராட்சிகள் என்று நம் மாவட்டத்தில் நகர்ப்புற உள்ளாட்சிகள் நெருக்கமாக இருக்கின்றன. எங்கே மனு கொடுத்தாலும் முதல் பதில் ஒன்றுதான்: "நிதி வந்ததும் பார்க்கலாம்." அந்த நிதி எங்கிருந்து, என்ன நிபந்தனையோடு வருகிறது என்று தெரிந்துகொண்டு மனுவைத் திருத்தி எழுதிய பிறகே எங்கள் தெருவின் கழிவுநீர் ஓடைக் கோப்பு நகர்ந்தது.

முதல் வேலை, தெரு யாருடையது என்று பார்ப்பது. குமரியில் பாதித் தெருக்கள் பாசனச் சானல் கரையிலோ நெடுஞ்சாலைத் துறை சாலையை ஒட்டியோ இருக்கும். அப்படியானால் மன்றம் தீர்மானம் போட்டாலும் அந்தத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாது. உள்ளாட்சியின் சாலைப் பதிவேட்டில் உங்கள் தெரு இருக்கும் பக்கத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஓடை கேட்கும் மனுக்கள் பெரும்பாலும் செத்துப்போவது, தெரு யாருடையது என்ற இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்தது நிதி. பொதுநிதியில் சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை எல்லாம் சேரும். பத்திரப் பதிவில் வசூலாகும் 2 சதவீத மேல்வரியும் உள்ளாட்சிக்கே உரியது. ஆனால் சொத்து வரியோடு கட்டும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும். மாநில வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்குத் தரும் மாநில நிதி ஆணையப் பகிர்வு சென்னையிலிருந்து வரும்போதே ஓய்வூதியப் பங்கு, கடன் தவணை, குடிநீர் வாரியப் பாக்கி போன்றவை கழிக்கப்பட்டிருக்கும். சட்டமன்றத்தில் அறிவிக்கும் தொகைக்கும் செயல் அலுவலர் கையில் இருக்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி இதுதான். மீதியில் சம்பளமும் தெருவிளக்கு மின்கட்டணமும் போனால், பொதுநிதியில் ஓடை கட்ட என்ன இருக்கும்?

மத்திய அரசின் 15வது நிதிக்குழு மானியத்தைத்தான் நாங்கள் பிடித்தோம். 2021-26 காலத்துக்கான அந்த மானியத்தில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீர், மழைநீர், துப்புரவு, திடக்கழிவு ஆகியவற்றுக்கென்றே கட்டப்பட்டது. 40 சதவீதம் கட்டற்றது, அதாவது வேறு தேவைகளுக்கும் செலவிட விடப்பட்டது. இரண்டிலிருந்தும் சம்பளம் கொடுக்க முடியாது. "தெருவைச் சீரமைக்க வேண்டும்" என்ற மனுவை "கழிவுநீர் தேங்குவதால் ஓடை வேண்டும்" என்று மாற்றியபோது அது துப்புரவுப் பங்குக்குள் வந்தது. உண்மையிலேயே தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால்தான் இப்படி எழுத வேண்டும். பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார். இப்போது மனு எழுதுபவர்கள் நடப்பு மானியத்தின் நிபந்தனையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்ததற்கும் இதே மானியம் ஒரு காரணம். மாநிலம் குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவித்தால்தான் மானியம் என்பது நிதிக்குழுவின் நிபந்தனை. நாகர்கோவில் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதமும் கூடியது. விகிதத்தை முடிவு செய்தது மாநிலம்; வீட்டு வாசலில் ஏச்சு வாங்கியது கவுன்சிலர். வரி கூடிய தெருக்காரர்களுக்கு ஓடை கேட்கும் உரிமையும் கூடியிருக்கிறது என்பது எங்கள் கருத்து.

காலம் தப்பினால் எல்லாம் தப்பும். உள்ளாட்சி வரவு செலவுத் திட்டம் மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் நிறைவேற வேண்டும். கணக்குப் பிரிவு நவம்பர், டிசம்பரிலேயே எழுதத் தொடங்கிவிடும். எனவே டிசம்பர் 10 அன்று வார்டு மக்கள் கூடும் பகுதி சபா கூட்டத்தில் கோரிக்கையைப் பதிவு செய்வது நல்லது. ஜனவரி 25 கூட்டத்தில் சொன்னால் வேலைப் பட்டியல் ஏறக்குறைய முடிந்திருக்கும். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் தெருப் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மதிப்பீட்டில் ஒரு பழைய கோளாறு இன்னும் தலைகாட்டுகிறது. உள்ளாட்சி ஒப்பந்த வேலைக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பழைய மதிப்பீட்டையே தூசி தட்டி எடுத்தால் 10 லட்சம் வேலைக்கு 60,000 ரூபாய் துண்டு விழும். தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் தனி. விலைவிகிதப் பட்டியலும் ஆண்டுதோறும் மாறுவதால், எந்த ஆண்டுப் பட்டியல்படி போட்டது என்று கேளுங்கள். துண்டு விழுந்தால் திருத்திய மதிப்பீடு, மறுபடி அனுமதி. பேரூராட்சியானால் கோப்பு நாகர்கோவில் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு இன்னொரு முறை போய்வர வேண்டும்.

டெண்டர் சட்டப்படி 2 கோடி வரையான வேலைக்கு 15 நாள் அவகாசம் வேண்டும். ஒப்பந்தக்காரர் வராமல் மறு டெண்டர் போனால் மே வந்துவிடும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்யும் ஊர் இது. தோண்டிய ஓடை மழைநீரில் நிறைந்து கிடக்கும். மழை ஓய்ந்த ஜனவரியில் வேலை உத்தரவு கையில் இருந்தால் பதற்றம் இல்லை.

வேலை நடக்கும்போது ஓடையின் அகலம், ஆழம், கான்கிரீட் கனம் மூன்றையும் டேப் வைத்து அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். ஒப்பந்தக்காரரின் இறுதி பில் போவதற்குள், பொறியாளர் அளவு எழுதும் அளவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பணம் போன பிறகு குறை சொன்னால், அடைக்கப் பொதுநிதியைத்தான் கைகாட்டுவார்கள்.