பத்துப் பாக ஆழத்து ஈயக்கட்டிகள்

ஒவ்வோர் ஆண்டும் மாசி மாதத்தில், கடல் சற்றே அடங்கியிருக்கும் நாளாகப் பார்த்து, என் எட்டாம் வகுப்பு மாணவர்களைப் பூம்புகார்க் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறேன். பேருந்தை விட்டு இறங்கியதும் எல்லாரும் தண்ணீரை நோக்கி ஓடுவார்கள். சிறிது நேரத்தில் யாராவது ஒருவர் திரும்பி வந்து, "சார், முழுகின ஊர் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்பார். கோபுரமும் மாடமாளிகையும் அப்படியே தண்ணீருக்குள் நிற்கின்றன என்று கைப்பேசிக் காணொளிகள் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. அந்தக் கேள்விக்கு நேர்மையாகவும், அவர்களுடைய ஆர்வம் குன்றாமலும் பதில் சொல்வதற்கே பல ஆண்டுகளாகப் பழகி வருகிறேன்.

இந்திரவிழா எடுக்க மறந்ததால் கடல் ஊரைக் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டு, மண்ணில் கிடைத்தவற்றுக்கு வருவேன். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தபோது, படகுகள் அணைவதற்கான செங்கல் கட்டுமானமும் அதனருகே பனைமரத் தூண்களும் வெளிப்பட்டன, அது கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கணித்தார்கள். 1981இல் தேசியக் கடலியல் நிறுவனம் இப்பகுதியில் கடலடி ஆய்வைத் தொடங்கியது. 1991இல், ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவத்தில் ஓர் அமைப்பு இருப்பது தெரிய வந்தது. கடல்மட்டம் அவ்வளவு கீழே இருந்தது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு என்பதால், அந்த அமைப்பு அக்காலத்து நகரமே என்று சிலர் அறிவித்துவிட்டார்கள். கண்டது ஒன்று, அதைக் கொண்டு கருதியது வேறொன்று. கண்டது ஒரு வடிவம். அது மனிதர் கட்டியதுதானா என்பதே இன்னும் உறுதிப்படவில்லை. குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போட்டு, ஒன்றில் கண்டதையும் மற்றொன்றில் கருதியதையும் எழுதச் சொல்கிறேன். இந்த ஒரு பயிற்சிக்காகவே அவ்வளவு தொலைவு பயணம் செய்யலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆயினும் மாணவர்களை அசையாமல் உட்கார வைப்பது அந்த லாட வடிவம் அல்ல, அதே கடலில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில், மீனவர் கணக்கில் பத்துப் பாகத்தில், கிடக்கும் ஒரு கப்பலின் எச்சம்தான். அதிலிருந்து எடுக்கப்பட்ட ஈயக்கட்டிகளில் 'டபிள்யூ பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் என்பது இங்கிலாந்தின் வடபகுதியில் ஈயச் சுரங்கங்கள் நடத்திய குடும்பத்தின் பெயர். அங்கே உருக்கி வார்த்த கட்டி காவிரி கடலில் கலக்கும் இடத்தில் வந்து கிடக்கிறது. அந்தக் கப்பல் யாருடையது, எங்கே போய்க்கொண்டிருந்தது என்று மாணவர்கள் அடுக்கடுக்காகக் கேட்பார்கள். அவர்களை நான் வேறொரு கேள்விக்குத் திருப்புவேன்: ஈயம் கிடைத்தது சரி, கப்பலின் மரம் எங்கே போயிற்று?

இதற்காகவே, படகுத்துறையில் கிடைத்த பழைய மரத்துண்டு ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். மேலே பார்த்தால் குண்டூசித் தலையளவு துளைகள் நாலைந்து இருக்கும். மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். அதை நீளவாக்கில் பிளந்து வைத்திருப்பதால், மறுபக்கம் திருப்பிக் காட்டியதும் எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். உள்ளே விரல் நுழையும் அளவுக்குச் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து, ஒவ்வொன்றின் சுவரிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருக்கும். இதைச் செய்த உயிரினத்துக்குக் கப்பற்புழு என்று பெயர் இருந்தாலும் அது புழு அல்ல. சங்குக்கும் மட்டிக்கும் உறவான சிப்பி இனம். மிகச் சிறிய குஞ்சாக மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே தின்று வளர்வதால் வெளித்துளை பெரிதாவதில்லை. அதன் தலைப்பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னஞ்சிறு ஓடுகளே அதற்கு அரமாகப் பயன்படுகின்றன. ஸ்வீடனின் வாசா கப்பல் 1628இல் மூழ்கி, 1961இல் ஏறக்குறைய முழு உருவத்துடன் வெளியே வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், உப்புக் குறைந்த பால்டிக் கடலில் இந்தச் சிப்பியால் வாழ முடியாமையே. நம் கடலில் சேற்றுக்குள் காற்றுப் புகாமல் புதைந்த மரம் மட்டுமே தப்பும்.

கடலடித் தொல்லியலையும் கடலுயிர்களையும் தனித்தனிப் பாடமாக நடத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மூழ்கிய கப்பலைத் தின்பதும் உயிர்கள்தாம், அதை மூடிக் காப்பதும் உயிர்கள்தாம். பீரங்கியின் இரும்பு துருப்பிடிக்கும்போது மணலும் சிப்பியும், பாறையிலும் படகடியிலும் ஒட்டி வளரும் கொட்டலசும் அதன்மேல் இறுகிப் பாறைபோல் ஆகின்றன. உள்ளிருக்கும் இரும்பு முழுவதும் கரைந்து போனாலும் அந்த ஓட்டுக்குள் அதன் வடிவம் அச்சாக நிற்கும். வெளியே, அதே மேட்டில் பாசி படர்ந்து, சிறுமீன் அண்டி, அதைத் தேடிப் பெருமீன் வரும். இரண்டு நூற்றாண்டுகளில் அது ஒரு பாராக, அதாவது மீன்கள் கூடும் கடலடித் திட்டாக, ஆகிவிடுகிறது.

அங்கிருந்து எதையாவது எடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் கற்றேன். தொடக்க ஆண்டுகளில், கரையில் அலை ஒதுக்கிய பானை ஓடுகளை மாணவர்கள் எடுத்துக்கொள்வதை நான் தடுத்ததில்லை. ஒரு மாணவி, சிப்பி ஒட்டியிருந்த சிவப்பு ஓடு ஒன்றைப் பெட்டியில் பஞ்சு வைத்து அவ்வளவு பத்திரமாகக் காத்தாள். சில மாதங்கள் கழித்து அவள் அதைத் திறந்து காட்டியபோது, மேற்பரப்பெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து பஞ்சில் செம்பொடியாகக் கிடந்தது. கடல்நீரில் ஊறிய ஓட்டை நன்னீரில் பலமுறை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை நீக்காமல் உலர விட்டால், உள்ளிருக்கும் உப்பு படிகமாகி மேற்பரப்பைத் தள்ளிவிடும். அவள் அழவில்லை; நான்தான் அன்று இரவு தூங்கவில்லை. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை, நீரடி மரபுச் செல்வத்தைக் கிடக்கும் இடத்திலேயே காப்பதை முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்கிறது. அது எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இப்போது ஓடு கிடந்த இடத்தைக் குறிக்கிறோம், வரைகிறோம், அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

கடலடியை முதலில் அறிந்தவர்கள் எப்போதும் கடலுக்குப் போகிறவர்களே. இலங்கையின் தென்கரையில் கொடவாய அருகே ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையான கப்பலை 2003இல் கண்டவர்கள் சங்கு குளிப்பவர்கள். மாமல்லபுரத்தில் 2002இல் நடந்த கடலடி ஆய்வுக்கும் மீனவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த செய்திகள் துணை நின்றன. ஆகவே வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் வலை எங்கே மாட்டும், அங்கே ஆழம் என்ன, அடித்தரை சேறா மணலா என்று கேட்டு எழுதி வரச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு ஒரு பையன் எழுதி வந்தான்: "பன்னிரண்டு பாகம். சேற்றுத்தரை. நடுவில் கல் மேடு. வலை இரண்டு தடவை கிழிந்தது. கொடுவா உண்டு." இடம் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அத அப்பா கடலுக்குக் கூட்டிட்டுப் போயித்தான் காட்டுவாராம் சார், எழுதக் கூடாதாம்" என்றான். நான் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன்.