நெத்தலி, பால்மா, ஒரு கல்சியம் வில்லை

அட்டைக் கடியையே பொருட்படுத்தாமல் நாற்பது வருடம் கொழுந்து பறித்த அம்மா, இரவெல்லாம் முதுகை லயத்துச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றார். தோல் வியாதி என்று வேப்பிலை அரைத்துப் பூசினோம். இரத்தப் பரிசோதனையில் பொஸ்பரஸ் 7.2 என்று வந்த பிறகுதான் விடயம் புரிந்தது. டெசிலீட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டியது.

பொஸ்பரஸ் விஷமல்ல, உடம்பிலுள்ளதில் 85 வீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மிஞ்சுவதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அம்மாவுக்கு அது செயலிழந்துவிட்டது. வாரம் இரு முறை நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்தும், சாப்பாட்டில் சேர்வது முழுவதையும் இயந்திரத்தால் இழுக்க முடியாது. தேங்கினால் தோல் அரிக்கும், எலும்பிலிருந்து கல்சியமும் கரையத் தொடங்கும்.

பொஸ்பரஸ் கூடிய சாப்பாட்டைக் குறைக்க உடனே சமையலறையில் கைவைத்தேன். முள்ளோடு தின்கிற நெத்தலி டப்பா மேல் தட்டுக்குப் போனது. பால்மா நின்றது, பிளேன்டீ மட்டும். பருப்பை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டியபோது அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. அடுத்த பரிசோதனை: 6.9. அவ்வளவு சண்டைக்கும் இவ்வளவுதானா?

கிளினிக்கில் ஒரு தாதி கேட்டார்: “கல்சியம் வில்லையை எப்போது போடுகிறீர்கள்?” தூங்கப்போகும்போது, மற்ற மாத்திரைகளோடு. உறையில் எழுதியிருந்தது மூன்று வேளை என்று மட்டும். அதிலும் பகலில் இரண்டை மறந்துவிடுவோம். அந்த வில்லை சாப்பாட்டிலுள்ள பொஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்புவதற்கானது. வெறும் வயிற்றில் எதைப் பிடிக்கும்? இரண்டு மாதம் வீணாகியிருந்தது.

இன்னொன்றும் அவரே சொன்னார். அம்மாவுக்குத் தெம்பு வரட்டும் என்று தம்பி ஹட்டனிலிருந்து சொசேஜஸ் வாங்கி வருவான். பாக்கெட்டில் ஈ 450, 451 என்றிருந்தது. அவை பொஸ்பேட் உப்புகள், பெரும்பகுதி இரத்தத்தில் சேர்ந்துவிடும். பருப்பிலுள்ளதோ நம் குடலால் எளிதில் உடைக்க முடியாத பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டிருப்பதால் பாதிகூட உறிஞ்சப்படாது. நான் பருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், சொசேஜஸ் வாசலால் வந்துகொண்டிருந்தது!

அளவாகப் பருப்பைத் திருப்பிக் கொடுத்தேன். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதமும் வேண்டுமே. மஞ்சள் கரு இல்லாமல் முட்டையும் உண்டு. வில்லை இப்போது சோற்றுத் தட்டின் ஓரத்திலேயே இருக்கும், இரண்டாம் கவளத்தோடு போடுவார்.

மூன்று மாதத்தில் 5.3. அரிப்பு குறைந்து தூங்குகிறார். நெத்தலி டப்பாவை இறக்கச் சொல்லி நேற்றும் கேட்டார். இறக்கவில்லை.