சியாங் மாயில் சீயக்காய்த் தீர்த்தம்

தாய்லாந்தின் சொங்க்ரான் பண்டிகை என்றதும் தண்ணீர்த் துப்பாக்கியும் வாளியுமாகக் கும்மாளமிடும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். யூடியூபில் கிடைப்பதும் அதுவே. ஆனால் அந்தத் தண்ணீர் முதலில் சேர வேண்டிய இடம் புத்தரின் திருமேனி. அடுத்தது பெரியவர்களின் கைகள். தெருக் கொண்டாட்டமெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்ததுதான். வடக்கே சியாங் மாயில் தங்கி இதைக் கண்ணாரக் காணும் பாக்கியம் அம்மாவுக்கும் எனக்கும் கிடைத்தது.

ஏப்ரல் 13, 14, 15 ஆகிய மூன்று நாட்கள் பண்டிகை. சூரியன் மேஷ ராசியில் நுழைவதை ஒட்டியது என்பதால் நம் சித்திரை முதல் நாளும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அரசாங்கக் கணக்கில் 1941 முதல் அங்கே ஜனவரி 1தான் புத்தாண்டு. ஜனங்கள் ஊர் திரும்பி, வீடு கூட்டி, பெரியவர்களை விழுந்து வணங்குவது என்னவோ சொங்க்ரானுக்குத்தான்.

நாங்கள் தங்கியது பழைய நகருக்குள் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன ஹோட்டல். மன்னர் மங்ராய் 1296இல் நிறுவிய நகரம் இது. சதுரமாக ஓடும் அகழி இன்றும் இருக்கிறது. அதற்கு உட்பட்ட பகுதியில் எந்தக் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம். பண்டிகை நாட்களில் அகழிச் சாலைகளில் வண்டி நகராது. அதனால் உள்ளே அறை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

13ஆம் தேதி காலை வரவேற்பு மேஜையருகே ஒரு சிறு புத்தர் விக்கிரகத்தை எழுந்தருளச் செய்திருந்தார்கள். பக்கத்தில் வெள்ளிக் கிண்ணம் நிறையத் தண்ணீர், அதில் மல்லிகையும் மஞ்சள் இதழ்களும், கூடவே தணலில் வாட்டிக் கறுத்த சில காய்கள். அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். "ஏய், இது நம்ம சீயக்காய்டா!"

சீயக்காயேதான். வட தாய்லாந்தில் அதைச் 'சோம் போய்' என்கிறார்கள். அதை ஊறவைத்த நீர் பீடையைக் கழிக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. எண்ணெய்க் குளியலன்று நாம் தலையில் தேய்ப்பது அங்கே திருமஞ்சன நீராகவே ஆகிவிட்டது. தலையில் ஊற்றாமல் தோளில் மெதுவாக விட வேண்டும் என்று வரவேற்பிலிருந்த பெண் செய்து காட்டினாள். அம்மா "சிவாயநம" என்று சொல்லிக்கொண்டே விட்டாள். எனக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

அன்று பிற்பகல் தா பே சாலையில் ஊர்வலம். வாட் ப்ரா சிங் கோயிலில் ஆண்டு முழுவதும் வீற்றிருக்கும் ப்ரா புத்த சிஹிங் என்ற புத்தர் அன்று ரதமேறி வருகிறார். இலங்கையிலிருந்து வந்த திருவுருவம் என்பது ஐதீகம். உற்சவர் புறப்பாடு பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கூட்டத்தின் தவிப்பு சொல்லாமலே புரியும். ரதம் நெருங்கியதும், அதுவரை ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் வாளியைக் கீழே வைத்துக் கைகூப்பினார்கள். பிறகு ஓடிப்போய் வாசனை நீரைத் திருமேனி நோக்கித் தெளித்தார்கள். வெயில் அப்படிக் கொளுத்தியும் யாரும் நிழல் தேடிப் போகவில்லை.

14ஆம் தேதி, நம் வருஷப் பிறப்பு. அறையில் அம்மா கண்ணாடி முன் மாம்பழமும் வாழைப்பழமும் பூவும் வைத்துக் கனி காட்டினாள். அன்று அந்த ஊரில் யாரும் கடுஞ்சொல் பேசக்கூடாதாம். பேசினால் வருஷம் முழுக்கத் துரத்தும் என்பார்கள். மாலையில் மண் சுமக்கும் சடங்கு. கோயிலுக்கு வந்து போகும்போதெல்லாம் நம் பாதத்தில் ஒட்டிக் கோயில் மண் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது அல்லவா? தெரியாமல் எடுத்துப் போன அந்தக் கடனைத் தீர்க்க, ஆண்டுக்கொரு முறை மணலைக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் கொட்டுகிறார்கள். அதைச் சிறு சேதியமாக, அதாவது புத்த ஸ்தூபி வடிவில், குவித்து, மேலே வண்ணக் காகிதக் கொடிகளைச் செருகுகிறார்கள். வாட் பான் தாவ் கோயிலின் தேக்கு மண்டபத்துக்கு முன்னால் நாங்களும் ஆளுக்கொரு வாளி மணல் கொட்டினோம். இத்தனை நுட்பமான கடன் உணர்ச்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் என்னை உலுக்கியது 15ஆம் தேதி காலைதான். பெரியவர்களிடம் மன்னிப்பும் ஆசியும் கேட்கும் 'தம் ஹுவா' அன்று நடக்கும். ஹோட்டல் முற்றத்தில் நாற்காலி போட்டு முதலாளியின் தாயாரை உட்கார வைத்தார்கள். சமையல்காரர், அறை துடைக்கும் பெண்கள், பேரப்பிள்ளைகள் என வரிசையாக வந்து மண்டியிட்டு, அவர் நீட்டிய உள்ளங்கைகளில் சீயக்காய் நீரை விட்டார்கள். அவர் அந்த ஈரக் கையால் தன் தலையைத் தடவிக்கொண்டு, ஏதோ மந்திரம்போல நீளமாக வாழ்த்தினார்.

பிறகு இன்னொரு நாற்காலி வந்தது. அம்மாவைக் கைபிடித்து அதில் உட்கார வைத்தார்கள். "நானா? எதுக்கு?" என்று என்னைப் பார்த்தாள். வயதில் மூத்தவர் விருந்தாளியாக இருந்தால் விட்டுவிட முடியுமா என்பதுபோல முதலாளி சிரித்தார். காலையில் எங்கள் படுக்கையைத் தட்டிப் போடும் பெண், கண்ணை மூடி, ஒரு சொட்டும் சிந்தாமல் அம்மாவின் கையில் நீர் வார்த்தாள். அம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது. "நல்லா இரும்மா, தீர்க்காயுசா இரு" என்று அவள் தலையில் கைவைக்கப் போய், அருகிலிருந்த பாட்டியை, அதாவது முதலாளியின் தாயாரைப் பார்த்தாள். பாட்டி தலையசைத்தார். தமிழில் சொன்ன வாழ்த்து அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. குனிந்த தலையோடு "காப்புன் கா" என்று நன்றி சொன்னாள்.

கடைசியாக நானும் மண்டியிட்டேன். இரண்டு தாய்மார் கைகளிலும் நீர் விட்டேன். பாட்டி என் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்.

அதன் பிறகு தெருவுக்கு இறங்கினோம். வாசலில் நின்ற பையன்கள் அம்மாவைப் பார்த்ததும் துப்பாக்கிகளைத் தாழ்த்திக் கும்பிட்டுவிட்டு, தோளில் கொஞ்சம் ஊற்றலாமா என்று சைகையில் கேட்டார்கள். "ஊத்துங்கடா, நல்லா ஊத்துங்க!" என்றாள் அம்மா. சொட்டச் சொட்ட நனைந்த புடவையோடு வாட் ப்ரா சிங் வரைக்கும் நடந்தே வந்தாள்.