அப்பாவின் கை மரத்துப்போனதும் நெர்வ் கண்டக்‌ஷன் பரிசோதனையும்

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தே காலம் கழித்த என் தந்தைக்கு இரு கைகளும் மரத்துப்போகத் தொடங்கியபோது, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லாரும் சொன்ன காரணம் சர்க்கரை. நெடுநாளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரும் அப்படியே கருதி வைட்டமின் மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். ஆனால் சிறிய நட்டை போல்ட்டின் மரையில் ஏற்ற முடியாமல் அவருடைய விரல்கள் தடுமாறியதும், படகுக்குப் போகும் பலகையில் கால் வைக்க அவர் தயங்கியதும் வெறும் மரப்பாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டான்லி மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் பார்த்த மருத்துவர், சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டினார். கால் வேகமாகத் துள்ளியது. நடுவிரலின் நகத்தைச் சுண்டியபோது கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால் இந்தத் துள்ளல் குறைந்திருக்க வேண்டும், கூடியிருப்பதால் கழுத்தில் தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும் எனச் சொல்லி, எம்.ஆர்.ஐ.யுடன் நெர்வ் கண்டக்‌ஷன் பரிசோதனையையும் எழுதினார். நரம்பில் மின்சைகை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது அது. கழுத்தில் சந்தேகம் என்றால் கையில் எதற்குப் பரிசோதனை என்று கேட்டேன். இந்தப் பரிசோதனை கை கால்களில் ஓடும் நரம்புகளை மட்டுமே அளக்கும், தண்டுவட அழுத்தத்தை நேரடியாகக் காட்டாது. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது, சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு, தசைகளை இயக்கும் நரம்பணுக்களின் நோய் ஆகியவற்றைப் பிரித்தறியவே இது தேவை என்று விளக்கினார்.

கைகால்களில் எண்ணெயோ கிரீமோ தடவாமல் வரும்படி முன்பே சொல்லியிருந்தார்கள். பேஸ்மேக்கர் உண்டா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார்கள். ஏ.சி. அறையில் அப்பாவின் கை சில்லிட்டிருந்ததால், பரிசோதிப்பவர் முதலில் அதைச் சூடுபடுத்தினார். தோலின் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே போனால் நரம்பின் வேகம் குறைந்து, இல்லாத நோய் இருப்பதாகத் தெரியுமாம். பிறகு கட்டைவிரலின் அடித்தசையில் மின்முனையை ஒட்டி, மணிக்கட்டிலும் முழங்கையிலும் தனித்தனியாக மின்தூண்டல் கொடுத்து, இரண்டுக்கும் இடையிலான தூரத்தை டேப்பால் அளந்தார். அந்தத் தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் வரும். முன்கையில் அது நொடிக்கு 50 மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். “டைனமோ ஒயரைத் தொட்டா இப்படித்தான் இருக்கும்” என்று அப்பா சிரித்தார். அடுத்து, தோள், மேற்கைத் தசைகளில் மெல்லிய ஊசி செருகித் தசையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்யும் இ.எம்.ஜி. பரிசோதனை நடந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் ஒலிபெருக்கியில் வந்த சத்தத்தைக் கேட்டு, டீசல் எஞ்சின் மிஸ் அடிப்பது போல இருக்கிறது என்றார்.

அறிக்கையில் வலது மணிக்கட்டில் கார்ப்பல் டனல், அதாவது நரம்பு நெருக்கப்படும் கோளாறு, இருப்பதாக வந்தது. கால் நரம்புகள் சரியாக இருந்தன. சுண்டுவிரலின் உணர்வு நரம்பும் நன்றாக இருந்தது, அந்த விரல் மரத்திருந்த போதிலும். உறவினர்களுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. மணிக்கட்டில் சின்ன அறுவை செய்தால் முடிந்தது என்று பேச்சு கிளம்பியது. இந்தப் பரிசோதனையில் ஏமாறக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டால் முழங்கால் துள்ளாது, நடை தடுமாறாது. சுண்டுவிரலுக்குப் போவதும் வேறொரு நரம்பு. உணர்வு நரம்பின் அணு தண்டுவடத்துக்கு வெளியே இருப்பதால், பழுது அதற்கும் மேலே இருக்கும்போது விரலில் உணர்வு மங்கினாலும் கருவியில் அளவு சரியாகவே வரும் என்று மருத்துவர் சொன்னபோது, அந்த நல்ல அளவே பழுது மேலே இருப்பதற்கான துப்பு என்பது புரிந்தது.

கணுக்காலில் தூண்டி உச்சந்தலையில் பதிவு செய்யும் இன்னொரு பரிசோதனை தண்டுவடத்தின் வழியைச் சோதிப்பது. சுமார் 37 மில்லிசெகண்டில் வர வேண்டிய அலை அப்பாவுக்குத் தெளிவாகத் தாமதமாக வந்தது. எம்.ஆர்.ஐ.யில் கழுத்தின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலும் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவிலும் வட்டு (டிஸ்க்) பிதுங்கித் தண்டுவடத்தை நெரித்திருந்தது.

மேலும் மோசமாகாமல் நிறுத்துவதே முதல் நோக்கம், இழந்தது எவ்வளவு திரும்பும் என்று உறுதி தர இயலாது எனச் சொல்லித்தான் கழுத்து அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கினார்கள். வலது மணிக்கட்டுக்கு இரவில் கட்டும் பட்டையை மட்டும் எழுதிக் கொடுத்து, அங்கே அறுவை செய்வதை இப்போதைக்குத் தள்ளி வைத்தார்கள்.