பட்டாளத்தில் சேர்ந்த தேதி

ராணுவத்திலிருந்து விலகும் ஒருவரின் கையில் கொடுத்தனுப்பப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் ஆதாரமாக நிற்பவை இரண்டு தேதிகள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி. ஓய்வூதியம் உண்டா இல்லையா, உண்டென்றால் எவ்வளவு என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை வைத்தே முடிவாகின்றன. நான் ராணுவத்தில் எழுத்தர் வேலை பார்த்தவன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், களக்காடு வட்டாரத்து முன்னாள் படைவீரர்கள் தங்கள் காகிதங்களை எடுத்துவந்து என்னிடம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படி வருகிறவர்களில் பலருடைய காகிதங்களில் ஒரு தேதிக்கும் இன்னொரு தேதிக்கும் ஒத்துவருவதில்லை. பெரும்பாலானோர் அதை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

எங்கள் பக்கத்து ஊர் அண்ணாச்சி ஒருவருடைய காகிதங்களை எடுத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டோடும் வங்கிப் புத்தகத்தோடும் சேர்த்து வைத்திருந்த அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில், நீல மை பழுப்பேறிப் போயிருந்தாலும், சேர்ந்த தேதி 11 பிப்ரவரி 1971 என்று தெளிவாகவே இருந்தது. விலகிய தேதி 29 பிப்ரவரி 1988. ஆனால் ஓய்வூதியக் கணக்குகள் ஸ்பர்ஷ் இணையதளத்துக்கு மாற்றப்பட்ட பின், அவருடைய பேரன் செல்போனில் திறந்து காட்டிய பக்கத்தில் சேர்ந்த தேதி 02-11-1971 என்று இருந்தது. நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன.

இதனால் என்ன குறைந்துவிடப் போகிறது என்றுதான் அண்ணாச்சி முதலில் கேட்டார். குறைகிறது. சரியான தேதிப்படி அவருடைய சேவை 17 ஆண்டும் சில நாட்களும். தவறான தேதிப்படி 16 ஆண்டும் ஏறத்தாழ 4 மாதமும். ஓய்வூதியத்துக்குச் சேவையைக் கணக்கிடும்போது 3 மாதமும் அதற்கு மேலும் உள்ள காலம் அரை ஆண்டாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், அவர் 17 ஆண்டு வரிசையிலிருந்து 16½ ஆண்டு வரிசைக்கு இறங்கிவிடுகிறார். 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின் அட்டவணைகள் பதவியையும் பிரிவையும் மட்டுமல்லாமல் சேவைக் காலத்தையும் அரை அரை ஆண்டாகப் பிரித்துத்தான் தொகையை நிர்ணயிக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகை மறுநிர்ணயம் செய்யப்படும்போதும் அதே வரிசையில்தான் அவர் நிற்பார். ஆகவே இந்தக் குறைவு அவர் உள்ள காலம் வரை மாதந்தோறும் தொடரும்.

"பிசானம் அறுப்புக்கு ஆள் பத்தலைன்னு எங்க ஐயா ஏசிக்கிட்டு இருக்கும்போதுதான் தம்பி நான் ரயில் ஏறினேன், ஐப்பசியில எப்படி அறுப்பு வரும்?" என்று அண்ணாச்சி கேட்டார். பிசான நெல் அறுப்பு பிப்ரவரியை ஒட்டித்தான் வரும் என்பதால், தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்த எவருக்கும் அது மறுக்க முடியாத சாட்சியம்தான். ஆனால் படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வயல் கணக்கைப் பார்க்காது, காகிதத்தைத்தான் பார்க்கும். அந்தக் காகிதங்களிலேயே அவருக்குச் சாதகமான ஒன்று இருந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விலகியதற்கான காரணமாக, ஏற்றுக்கொண்ட பணிக்காலம் நிறைவடைந்தது என்று எழுதப்பட்டிருந்தது. அவர் ஏற்றுக்கொண்ட காலம் 17 ஆண்டு. நவம்பரில் சேர்ந்த ஒருவரை 16 ஆண்டு 4 மாதத்தில் 'காலம் நிறைவடைந்தது' என்று எப்படி அனுப்பியிருக்க முடியும்? விண்ணப்பத்தில் இந்தக் கேள்வியையே முதலில் வைத்தோம்.

டிஸ்சார்ஜ் புத்தகம் மூல ஆவணம் அன்று என்பதைப் பலர் அறிவதில்லை. ஒரு சிப்பாய் சேர்ந்தது, இடம் மாறியது, விடுப்பில் போனது, பதவி உயர்ந்தது, விலகியது எல்லாமே அவ்வப்போது அவருடைய யூனிட்டால் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற தினசரி ஆணையில் வெளியிடப்படும். அதை வைத்து ரெக்கார்ட் ஆபீசில் உள்ள ஷீட் ரோல் என்ற அவருடைய பணிப் பதிவில் ஏற்றுவார்கள். டிஸ்சார்ஜ் புத்தகமும் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையும் அந்தப் பதிவிலிருந்து எடுத்து எழுதப்பட்டவை. ராணுவ எழுத்து வழக்கில் மாதத்தை எண்ணால் எழுதாமல் '11 பிப் 71' என்று பெயரால் எழுதுவதே இப்படிப்பட்ட குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத்தான். அந்த வழக்கத்தை விட்டு வெறும் எண்களாக எழுதும்போதும் கணினியில் ஏற்றும்போதும் நாளும் மாதமும் இடம் மாறிவிடுகின்றன.

ஆகையால் திருத்தம் கோரி முதலில் எழுத வேண்டியது வங்கிக்கு அன்று, அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர்களுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படையினருக்கு நாசிக், சிக்னல்ஸ்காரர்களுக்கு ஜபல்பூர், இ.எம்.இ. எனப்படும் மின், இயந்திரப் பொறியாளர் படையினருக்கு செகந்திராபாத். படை எண், பதவி, பெயர், கடைசி யூனிட், இரண்டு ஆவணங்களிலும் உள்ள தேதிகள், எது சரி, ஏன் சரி என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, நகல்களை இணைத்தால் போதும். அத்துடன், ஷீட் ரோலில் சேர்ந்த தேதி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்ற பகுதியின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தனியாகக் கேட்பது நல்லது. அதற்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். மூலப் பதிவு சரியாக இருந்துவிட்டால், ரெக்கார்ட் ஆபீஸ் அதைப் பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்குத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பித் திருத்த பி.பி.ஓ. பெற்றுத்தரும். இந்தக் கடிதங்களை எழுத முடியாதவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். அந்த அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு போகும் விண்ணப்பத்துக்கு ஒரு மதிப்பும் உண்டு.

எழுதுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். எல்லா வேறுபாடும் பிழை ஆகாது. சேர்ந்த தேதி வேறு, பயிற்சி முடித்து உறுதிமொழி எடுத்த தேதி வேறு. சேவை சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். அதேபோல, அனுமதியின்றி வராமல் இருந்த நாட்களும் சிறையில் இருந்த நாட்களும் ஓய்வூதியத்துக்குரிய சேவையிலிருந்து கழிக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கழிவைத் தேதிப் பிழை என்று நினைத்து விண்ணப்பித்தால் பயன் இருக்காது. பிறந்த தேதியையும் இதனோடு சேர்த்துக் கேட்க வேண்டாம். சேரும்போது பதிவான பிறந்த தேதியைப் பின்னாளில் மாற்றுவது மிகவும் அரிது; அந்தக் கோரிக்கை, எளிதில் தீரக்கூடிய இன்னொரு கோரிக்கையையும் இழுத்தடித்துவிடும்.

மூலப் பதிவே தவறாக இருந்தால் பாடு அதிகம். அப்போது அந்தக் காலத்துக் காகிதங்கள் வேண்டும். நான் கண்டவரையில் மிக வலுவான சாட்சி, அடுத்தடுத்த படை எண் உள்ள தோழர்களின் டிஸ்சார்ஜ் புத்தகம். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்கு எண்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாகவே வரும். நம் பக்கத்தில் ஒரே தெருவிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்தே பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள். கல்லிடைக்குறிச்சியில் ஒருவர், வள்ளியூரில் ஒருவர் என்று தேடினால் கிடைப்பார்கள்.

15 ஆண்டு என்ற எல்லைக்கு அருகே நிற்பவர்களுக்கு இது வெறும் அரை ஆண்டுக் கணக்கு அன்று. சிப்பாய்களுக்குச் சேவை ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டு வேண்டும். தவறான தேதியால் 14 ஆண்டு என்று கணக்காகிப் பணிக்கொடையோடு அனுப்பப்பட்டவர், ஓய்வூதியமே இல்லாதவராகிவிடுகிறார். குறைவு 12 மாதத்துக்குள் இருந்தால் அதை மன்னிக்கும் அதிகாரம் குறித்த 2001 ஆகஸ்ட் ஆணையும் உண்டு. அதையும் மாற்றுக் கோரிக்கையாக எழுதலாம். ஆனால் இவர்களுக்குக் காலம் எதிரி. ஓய்வூதியம் பெறாதவர்களின் சேவை ஆவணங்கள் 25 ஆண்டுக்குப் பின் அழிக்கப்படுகின்றன. லாங் ரோல் என்ற பதிவேட்டில் உள்ள சில வரிகள் மட்டுமே மிஞ்சும். அந்த வரியில் தேதி சரியாக இருந்தால் பிழைத்தோம்.

ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்தால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாடலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறுதி மறுப்புக் கிடைத்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். மாதந்தோறும் ஓய்வூதியம் குறைவது தொடர்ந்து நிகழும் தவறு என்றாலும், தாமதமாக வருபவருக்கு நிலுவை பொதுவாக மூன்று ஆண்டுக்கு மட்டுமே என்று 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று எழுதாமல் அடுத்த ஆண்டு எழுதினால், ஓராண்டுப் பணம் போய்விடும்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. கணவர் காலமான பின் அதே பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு வரும் மதினிமார்களுக்கு அவர் எந்த யூனிட்டில் இருந்தார் என்றுகூடத் தெரிவதில்லை. யார் கூடச் சேர்ந்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படை எண்ணும் தோழர்களின் பெயரும் தெரிந்த மனிதர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

அண்ணாச்சியின் ஷீட் ரோல் நகல் வந்துவிட்டது. அதில் பிப்ரவரி என்றே இருக்கிறது, திருத்த பி.பி.ஓ.வுக்காகக் காத்திருக்கிறோம். அவருடைய புத்தகத்தில் பிழை இல்லாததால் அதை அனுப்ப வேண்டியிருக்கவில்லை. புத்தகத்திலேயே தவறு உள்ளவர்கள் எக்காரணம் கொண்டும் பேனாவால் தாங்களே திருத்தக் கூடாது. ரெக்கார்ட் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாத திருத்தம் முழுப் புத்தகத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். ரெக்கார்ட் ஆபீஸ் கேட்டால் மட்டும், எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து நோட்டரி சான்று வாங்கி வைத்துக்கொண்டு, அசலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.