கடம்பு தேடி ஒன்றரை வருடம்

மீனாட்சி அம்மன் கோயிலில் சுவாமி சந்நிதிப் பிரகாரத்தைச் சுற்றி வரும்போது, காய்ந்துபோன கடம்பமரம் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். சின்ன வயதிலிருந்து கும்பிட்டுவிட்டுப் போகிற இடம். போன வருடம் சித்திரையில் என் மகள் அதன் முன்னால் நின்று, "இதோட இலை எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள். கடம்பவனம் என்று பேர் வாங்கிய ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், ஒரு கடம்பையாவது தேடிப் பார்த்து, விதைபோட்டு வளர்த்துவிட வேண்டும் என்று.

முதலில் போனது நர்சரிக்குத்தான். கடம்பு என்றதும் இடுப்புயரக் கன்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள், 150 ரூபாய். ஒவ்வொரு இலையும் ஒரு சாண் நீளம், நல்ல பளபளப்பு. மாடியில் டிரம்மில் வைத்தேன். அக்னி நட்சத்திரத்தில் பத்தே நாளில் நுனி கருகி இலையெல்லாம் தொங்கிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுவதும் கவருக்குள்ளேயே வளைந்து வளைந்து, கயிற்றுக் கண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. கவரில் ரொம்ப நாள் இருந்த கன்று. அதிலிருந்து எந்த நர்சரியில் செடி எடுத்தாலும் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் கவரின் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன். அடியில் தடித்த வேர் வெளியே வந்திருந்தால் அந்தச் செடி வேண்டாம்.

நடுவில் லீவுக்குக் கொடைக்கானல் போனபோது பிரையன்ட் பூங்காவில் ஒரு முழு நாள் சுற்றினோம். 1908-இல் போட்ட பூங்கா. ரோஜாவும் டேலியாவும் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அந்தக் குளிரில் வளர்வது எதுவும் மதுரை வெயிலுக்கு ஆகாது, எனவே கண்ணால் பார்த்ததோடு சரி.

திரும்பி வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கடம்பு என்று ஒரே மரம் இல்லை. நர்சரிகளில் கிடைப்பதன் தாவரவியல் பெயர் நியோலமார்க்கியா கடம்பா. எலுமிச்சம்பழம் போல ஆரஞ்சு உருண்டைப் பூ, பெரிய இலை, தண்ணீர் நிறையக் கேட்கும். மஞ்சக்கடம்பு ஹால்டினா கார்டிஃபோலியா. இலை அரசிலை மாதிரி இதய வடிவம், ஆனால் அந்த நீள வால் இருக்காது. மூன்றாவது நீர்க்கடம்பு, மிட்ராகைனா பார்விஃபோலியா. இலையும் சின்னது, பூவும் சின்னது. மூன்றுமே காப்பிச் செடியின் குடும்பம். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும், பூ பந்து போலத் திரளும். இது மனதில் பதிந்த பிறகு, ரோட்டில் போகும்போதுகூடக் கண் தானாக மரத்துக்குப் போனது.

ஆனி மாதம் பக்கத்து வீட்டு அக்காவோடு அழகர்கோவில் போனேன். பழமுதிர்சோலையிலிருந்து நூபுர கங்கைக்கு ஏறுகிற வழியில் உள்ளங்கை அகலத்துக்கு இதய வடிவ இலையோடு ஒரு மரம். மஞ்சக்கடம்பு! அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மலை வனத்துறையைச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு சருகுகூட எடுக்கவில்லை, போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி, கண்மாய்க் கரை வழியாக வந்தோம். அங்கே தான் நல்ல வாசம் வந்தது. மல்லிகை மாதிரி தூக்கலாக இல்லை, தேன் கலந்த மெல்லிய வாசம். கரையில் ஒரு பெரிய மரம் நிறைய வெளிர்மஞ்சள் உருண்டைகள், ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு. கையில் வைத்துப் பார்த்தால் உருண்டை முழுக்கக் குண்டூசி குத்தியது போலச் சூல்தண்டுகள், அதாவது பூவின் பெண் பாகத்துக் காம்புகள், நீட்டிக்கொண்டிருந்தன. தேனீக்கள் மொய்த்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தாவிடம் கேட்டேன்.

"நீர்க்கடம்பு தாயி. எங்க அப்பன் காலத்துலயே இம்புட்டுப் பெருசு. காய் வேணும்னா தையில வா."

தையில் போனேன். கரையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, காய்ந்த உருண்டைகளில் ஒரு இருபது பறித்தேன். நிழலில் காயவைத்து, விரலால் நசுக்கி, மாவுச் சல்லடையில் சலித்தால் விதை பொடி மாதிரி விழுகிறது. மூச்சு விட்டால் பறந்துவிடும்.

முதல் தட்டில் மண் தூவி மூடிவிட்டுப் பூவாளியில் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட வரவில்லை. இவ்வளவு பொடி விதைக்கு மேலே மண் மூடினால் முளையால் ஏறிவர முடியாது. தண்ணீரிலும் ஒரு மூலைக்கு அடித்துப் போயிருக்கும். இரண்டாவது தட்டில் மூடவில்லை. பச்சைப் பாசி போல முளைத்தது, ஒரே வாரத்தில் அடித்தண்டு அழுகிக் கூண்டோடு சாய்ந்தது. ரொம்ப வருத்தமாகப் போனது. ஈரம் அதிகம், காற்றோட்டம் இல்லை.

மூன்றாவது முறை நிதானமாகச் செய்தேன். சலித்த மண்ணையும் ஆற்று மணலையும் சமமாகக் கலந்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி ஆறவிட்டேன். ஒரு சிட்டிகை விதையை ஒரு கை மெல்லிய மணலோடு கலந்து, கோலப்பொடி தூவுவது போல மேலே தூவினேன். மூடவில்லை. தட்டைத் தண்ணீர் வைத்த தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்தே ஈரம் ஏறவிட்டேன். மேலே கண்ணாடித் துண்டு, காலையும் மாலையும் அரைமணி நேரம் அதைத் திறந்துவைத்தேன். பதினேழாம் நாள் கடுகில் பாதி அளவில் இரண்டு இலை, அப்புறம் எங்கு பார்த்தாலும் பச்சைப் புள்ளி.

இரண்டு மாதம் கழித்து ஊதுபத்திக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சின்னக் கவரில் வைத்தேன். நாற்பதில் பதினொன்று நின்றது. இப்போது ஒரு முழ உயரம்.

இந்த ஐப்பசியில் நல்ல மழை பிடித்ததும் நான்கு கன்றுகளை அதே கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோனோம். தாத்தாவே இடம் காட்டினார். ஆடு வாய் வைக்காமல் இருக்கச் சுற்றிலும் கருவேல முள் வெட்டிப் போட்டதும் அவர்தான். மகள் ஒரு இலையைத் தடவிக்கொண்டே, "கோயில் மரத்துக்கும் இப்படித்தான் இலை இருந்திருக்குமா?" என்றாள். மீதி ஏழு கன்று மாடியில் நிழலில் இருக்கிறது. கரையோரமாக இடம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.